தம்பிகள் குரூப்

ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, இன்னொரு காதை அடுப்படிக் குக்கருக்கு விட்டுவைத்திருக்கிறார் அக்கா. விசில் வந்தால் பாட்டை நிறுத்திவிட்டு எழுந்து போவார். பாட்டுக்காகக் குக்கரைக் காக்க வைத்ததில்லை.

வீட்டின் பின்னறைதான் ஸ்டூடியோ. சுவரில் பழைய மெத்தைகளைச் சாத்தி ஆணி அடித்திருக்கிறார். பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் பதிவுசெய்து தருவதைக் காது பொறுக்கும்படி கலந்து கொடுப்பது அவர் வேலை. ஒரு பாட்டில் தனித்தனியாகப் பதிவான நாற்பது ஐம்பது டிராக் இருக்கும். ஒவ்வொன்றாகச் சத்தத்தை ஏற்றி இறக்கி மாளாது என்பதால், முதலில் இனம் பிரித்துக் கணினியில் குரூப் கட்டிவிடுவார். குரூப்பில் ஒன்றை நகர்த்தினால் மற்றவையும் கூடவே நகரும். பெயர்களும் அவரே வைத்தவை. தாளமெல்லாம் 'தடபுடல்', வயலின் வகையறா 'இழுவை', கோரஸ் 'கல்யாணக் கூட்டம்'. "டிரம்ஸ்னு எழுதினா எனக்குத் தூக்கம் வருது" என்பார்.

இப்போது கையில் இருப்பது சொந்தத் தம்பிகளின் பாட்டு. பெரியவனும் சின்னவனும் சேர்ந்தே பாடி வந்தவர்கள். யார் குரல் எடுப்பு என்ற சண்டையில் இரண்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா நச்சரித்து ஒரு பாட்டுக்கு மட்டும் சம்மதிக்க வைத்தார். இதுவும் கெட்டால் இருவரையும் ஒரே அறையில் பார்ப்பது அவ்வளவுதான்.

இதைக்கூட வேறு வேறு நாளில் வந்துதான் பாடினார்கள். அதனால் விருந்தாளி நாற்காலிகள் இரண்டில் ஒன்று, மடக்கியபடி கதவுக்குப் பின்னால் கிடக்கிறது.

"அக்கா, என் குரல் கிணத்துக்குள்ள கேக்குது. ஒரு பொட்டு ஏத்தேன்" என்பான் பெரியவன். ஏற்றுவார். "ம், இப்பதான் உசிரு வந்திருக்கு."

மறுநாள் சின்னவன். "அண்ணன் வந்து ஏத்திட்டுப் போயிருக்காரு போல? என்னையும் கொஞ்சம் கவனிக்கா." அதையும் ஏற்றுவார். அவனும் திருப்தியாகச் செருப்பை மாட்டுவான்.

இரண்டு குரலும் ஒரே குரூப்பில் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. யாரை ஏற்றினாலும் இருவரும் ஏறுவார்கள். ஆள் போனதும் அக்கா குரூப்பைப் பழைய இடத்துக்கு இறக்கிவிடுவார். ஆக, பாட்டு முதல் நாள் இருந்தபடியே இருக்கிறது. "மருந்து கொடுத்தாச்சு" என்பார், குக்கரைப் பார்த்து.

போன வாரம் இருவரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். சின்னவன் வாசலோடு நின்றுகொண்டான். பெரியவன், விரித்திருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, "நகருக்கா, இன்னிக்கு நானே ஏத்திக்கிறேன்" என்று மவுஸைப் பிடித்தான். தன் குரலை மேலே தள்ளினான். பக்கத்துக் குரலும் ஏறியது. இறக்கினான். அதுவும் இறங்கியது.

"என்னக்கா இது, இவனும் கூடவே வர்றான்?"

சின்னவன் எட்டிப் பார்த்தான். "அப்ப இத்தனை நாளா எனக்கு ஏத்தினது?"

"அவனுக்கும்தான் ஏறுச்சு" என்றார் அக்கா.

"எங்கள வெச்சு நல்லா விளையாடியிருக்கே" என்றான் பெரியவன்.

"பிரிக்கணும்னா சொல்லுங்கடா. ஒரு தட்டு தட்டினாப் போதும்."

மவுஸை வாங்கிக்கொண்டு காத்திருந்தார். பெரியவன் திரையைப் பார்த்தான். சின்னவன் பெரியவனைப் பார்த்தான். குக்கர் விசில் அடித்தது. அக்கா அசையவில்லை. இன்னொரு விசிலும் அடித்தது. பிரி என்று இருவரும் சொல்லவில்லை.

அக்கா எழுந்தார். போகிற போக்கில் கதவுக்குப் பின்னால் கையை விட்டு மடக்கு நாற்காலியை எடுத்து, முந்தானையால் ஒரு துடைப்புத் துடைத்து, பெரியவனுக்குப் பக்கத்தில் விரித்துப் போட்டுவிட்டு அடுப்பை அணைக்கப் போனார்.