சொல்லாமல் விட்ட எலி

திருப்பதியில் படிப்பை முடித்து நான் அமெரிக்காவுக்குப் போனபோது, எங்கள் தெருவில் விமானம் ஏறிய முதல் ஆள் நான்தான். அந்த மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது.

அங்கே ஆய்வகத்தில் எனக்கு எலிகளோடு வேலை. எலியின் புற்றுக்கட்டிக்குள் ஒரு மரபணுவை ஊசியால் ஏற்றி, கையோடு அந்த இடத்தில் ஒரு சொடுக்கு நேரம் மின்சாரம் பாய்ச்சுவோம். செல்களின் சவ்வு திறந்து மரபணுவை உள்ளே விடும். பிறகு எலியின் உடம்பே கட்டியை எதிரி என்று கண்டுகொண்டு தாக்கும்.

இதை ஊரில் எப்படிச் சொல்வது? சத்தியவேட்டில் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு 'எலி புடிக்கிறவங்க' என்றுதான் பெயர். சொந்த நிலம் இல்லாத எங்கள் ஆட்கள், அறுப்பு முடிந்த வயலில் வளை தோண்டி எலி பிடித்துச் சமைத்தவர்கள். கடல் தாண்டிப் போயும் எலிதானா என்று சிரிப்பார்களே என்று கூசினேன். அதனால் சித்தியை எஸ்.டி.டி. பூத்துக்கு வரவழைத்துப் பேசியபோது, "கரண்டு வச்சே கேன்சரைக் கரைச்சுட்டோம் சித்தி" என்றேன். அது எலிக்கு வந்த கேன்சர் என்று சொல்லவில்லை.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் சித்தி. நான் போனில் அப்படிச் சொன்னபோதே அவள் மார்பில் கட்டி இருந்தது. தூரத்தில் இருப்பவள் கவலைப்படுவாள் என்று என்னிடம் மறைத்துவிட்டாள். திருப்பதி டாக்டர் ஆபரேஷனுக்குக் குறித்த நாளில் அவள் போகவில்லை.

மறுவருஷம் நான் வந்தபோது கட்டி புண்ணாகியிருந்தது.

"கரண்டு ஊசி கொண்டாந்தியா?" என்றாள். "உனக்காவத்தான் காத்துக்கினு இருக்கேன். நம்ம பொண்ணே மருந்து கண்டுபுடிச்சிருக்கும்போது இன்னாத்துக்கு அறுத்துக்கணும்?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "கவர்மெண்டு இன்னும் பர்மிசன் குடுக்கல சித்தி" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் புளுகு. நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மறுநாளே திருப்பதிக்கு அழைத்துப் போனேன். நோய் நுரையீரல்வரை போய்விட்டது என்றார் டாக்டர். படித்த பெண் நீ, ஏன் இத்தனை நாள் விட்டாய் என்று என்னைக் கேட்டார்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. சித்தி என் கையைத் தடவிக்கொடுத்தாள்.

"கவர்மெண்டு பர்மிசன் குடுக்கலன்னா நீ இன்னா பண்ணுவ? அழுவாத."

பாசத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.