வெற்றிலை வாங்காத சம்பந்தி

வெற்றிலை போடும் பழக்கம் எனக்கு இருந்தது என்று சொன்னால் போதாது. அது என்னோடு குடித்தனமே நடத்தியது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை. தாய்மார் கொழுந்தெடுக்கப் போனதும் அவர்கள் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று அழுதால் எல்லாம் அழும். அந்தக் கூச்சலில் எனக்கு இருந்த ஒரே ஆறுதல், இடது கன்னத்தில் அடக்கிய வெற்றிலையும் புகையிலையும்தான். தூங்கும்போதுகூடத் துப்பமாட்டேன்.

அந்தக் கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு படலம் வந்தபோது சுண்ணாம்பு கூடிவிட்டது என்றே நினைத்தேன். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் யாருக்கு வாய் வெந்தாலும் காரணம் சுண்ணாம்பு, மருந்து தேங்காய்ச் சில்லு. நானும் தேங்காயை மென்று பார்த்தேன். படலம் போகவில்லை. பண்டாரவளையில் எனக்குச் சுண்ணாம்பு விற்கும், எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

"சுண்ணாம்புல என்னத்தக் கலக்குறீங்க, நானா?"

"ஆமா, ஒங்களுக்கு மட்டும் தனியாக் கலக்குறேனாக்கும்" என்றார் அவர்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிக்குப் புதிதாகப் பயிற்சி கொடுத்து, கையில் ஒரு டார்ச்சும் கொடுத்து, வெற்றிலை போடுகிறவர்களின் வாயைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். குழந்தைகளுக்கு ஊசி போட வந்த அந்த மருத்துவச்சி என்னைப் பார்த்து, "ஆ காட்டுங்க" என்றார்.

"பல்லப் பாத்து மாடு வாங்கப் போறீங்களா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பஞ்சை எடுத்து அந்த வெள்ளையை அழுத்தித் துடைத்தார்.

"சுண்ணாம்புன்னா வந்திருக்கணும். இது வரல. பதுளைக்குப் போயிருங்க."

என் அக்கா கன்னத்தில் ஓட்டை விழுந்து, கஞ்சிகூட இறங்காமல் செத்துப்போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். புற்று என்றால் பாயை விரித்துப் படுத்துவிட வேண்டியதுதான் என்றே எங்களுக்குத் தெரியும்.

பதுளை ஆஸ்பத்திரியில் துளி சதை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவைச் சொன்ன சிங்கள டாக்டருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்.

"இது இன்னும் புற்று இல்லை. ஆகலாம். வெத்தலை, புகையிலை ரெண்டும் விட்டா, போகவும் போகலாம்."

இந்த வெள்ளையிலேயே பிடித்துவிட்டால் நிறையப் பேரைக் காப்பாற்றலாம் என்று இப்போது கண்டிருக்கிறார்களாம். வருவதற்கு முன்பே ஒரு நோயைப் பிடிக்க முடியும் என்பதை நம்பவே எனக்கு நேரமாயிற்று. அக்காவின் வாயில் யாரும் டார்ச் அடித்துப் பார்க்கவில்லையே என்று பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

அன்றே விட்டேன். விட்ட பிறகு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். குழந்தைகள் அழுதால் நானும் கூடச் சேர்ந்து அழலாம் போலிருக்கும். வீட்டுக்காரர் என் பக்கம் வரவே யோசித்தார்.

அந்த நேரம் பார்த்துத் தெமோதரையிலிருந்து மகளுக்குச் சம்பந்தம் வந்தது. வெற்றிலை மாற்றும் நாளில் மாப்பிள்ளையின் அம்மா தன் கையாலேயே வெற்றிலை மடித்து, புகையிலை வைத்து, என்னிடம் நீட்டினார். சம்பந்தி கொடுப்பதை வாயில் போடாவிட்டால் சம்பந்தமே வேண்டாம் என்று அர்த்தம். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியது. ஒன்றே ஒன்று போட்டால் என்ன ஆகிவிடும் என்று மனம் கெஞ்சியது.

"வேணாங்க" என்றேன்.

மகளின் முகம் செத்துப்போயிற்று.

"எங்க கை வெத்தல ஆகாதோ?" என்றார் அந்த அம்மா.

"கை நல்ல கைதாங்க. என் வாய்தான் சரியில்ல."

எனக்குக் கோபமும் வெட்கமும் ஒன்றாக வந்தன. வெளிச்சத்துப் பக்கம் திரும்பி வாயைப் பிளந்து காட்டினேன்.

"நல்லாப் பாருங்க. இது புத்தாகப் பாக்குது. வெத்தலைய விட்டா சரியாயிரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. எனக்குப் பேரப்புள்ளையப் பாக்கணுங்க."

அவர் குனிந்து பார்த்தார். நீட்டிய வெற்றிலையைத் தட்டிலேயே வைத்தார். பிறகு என் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார்.

"எனக்கும் இது மாதிரி இருக்குங்க, சம்பந்தி. சுண்ணாம்பு வெந்ததுன்னு இருந்துட்டேன்."

அடுத்த வாரமே இரண்டு பேரும் பதுளைக்குப் போனோம். அவருடையதை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. சின்ன வெட்டுதான், நன்றாக ஆறிவிட்டது. என் கன்னத்தில் படலம் மெலிந்துவருகிறது என்று டாக்டர் சொன்னபோது அவர் காலில் விழலாம் போலிருந்தது.

கல்யாணத்தில் ஊரே வெற்றிலை போட்டுக்கொண்டிருக்க, சம்பந்திகள் நாங்கள் இருவரும் ஓரமாக உட்கார்ந்து வெற்றிலைக்குப் பதிலாகக் கராம்பு கடித்துக்கொண்டிருந்தோம்.

"இந்தக் காரத்துக்கு அந்தப் புத்தே தேவலங்க" என்றார் அவர்.

"பேசாமக் கடிங்க" என்றேன்.

பேரன் பிறந்தான். லயத்துக்கு வந்த மருத்துவச்சி குழந்தையைத் தூக்காமல், முதலில் எங்கள் இருவரையும் வாசலுக்கு அழைத்து வாயைத் திறக்கச் சொன்னார். திறந்தோம். டார்ச் வெளிச்சம் ஒரு வாயிலிருந்து மற்ற வாய்க்குப் போய்த் திரும்பியது. எங்கும் வெள்ளை இல்லை.

டார்ச்சை அணைத்தார்.

"இப்பப் புள்ளையக் காட்டுங்க" என்றார்.