வற்றிய களப்புக்குக் கயாக் கொண்டு போனோம்

கயாக்கில் மீன் பிடிக்கப் பழக விரும்பும் எங்கள் கரையோர ஊர்ப் பெண்கள் இதை வாசித்துவிட்டுப் புறப்படுங்கள். எனக்கு வாசிக்க இப்படியொன்று கிடைக்கவில்லை. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, நானும் என் கணவரும் கல்முனையிலிருந்து திருக்கோவிலுக்குத் தெற்கே விநாயகபுரம் பக்கத்துக் களப்புக்குப் போனோம். மாரியில் கடல் புதியவர்களுக்கு ஆகாது, கரையிலேயே கவிழ்த்துவிடும். களப்பு கடலை ஒட்டிய காயல், அதில் அலை இல்லை. அதற்காகத்தான் நாற்பத்திரண்டு கிலோமீட்டர்.

கயாக் என்பது ஒருவர் உட்கார்ந்து துடுப்பு வலிக்கும் பிளாஸ்டிக் தோணி. பொத்துவில் பக்கம் ஒரு விடுதியில் கழித்ததை 75,000 ரூபாய்க்கு எடுத்தேன். மூன்று வருடத் தையல் காசு. மற்றதையெல்லாம் போனில் வீடியோ பார்த்து நானே செய்தேன். தூண்டில் தடியைச் செருகி வைக்க ஒன்றரை அங்குல பிவிசி குழாய் இரண்டு துண்டு போதும். ஒரு முனையை அடுப்பில் வாட்டிப் போத்தலை அழுத்தினால் வாய் விரிந்துவிடும். கயாக்கில் துளை போடாதீர்கள். குழாய்களை ஒரு பழக்கூடையில் கட்டி, கூடையை இருக்கைக்குப் பின்னால் இறுக்குங்கள். நங்கூரத்துக்குப் பால்மா டின்னில் சீமெந்து வார்த்து, நடுவில் வளைத்த கம்பி வைத்தேன். துடுப்பையும் கயிற்றால் தோணியோடு பிணையுங்கள். கை நழுவினால் துடுப்பு ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். இவ்வளவுக்கும் 1,940 ரூபாய். தூண்டிலும் உருளையும் 9,500. உயிர்காப்பு அங்கி 6,800. அதில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

உடுப்பைப் பற்றி யாரும் சொல்லித் தரமாட்டார்கள், நான் சொல்கிறேன். நீண்ட அபாயா தண்ணீரில் காலைச் சுற்றும். முழங்காலுக்குக் கீழே நிற்கும் அங்கி, உள்ளே தளர்ந்த காற்சட்டை, மணிக்கட்டில் இலாஸ்டிக், ஊசி குத்தாத ஹிஜாப். உயிர்காப்பு அங்கி எல்லாவற்றுக்கும் மேலே. உள்ளே போட்டால் மறைவாக இருக்குமே என்று முதலில் உடுப்பை அதற்கு மேலால் போடும்படி அகலமாகத் தைத்தேன். கவிழ்ந்தால் அதன் வாரை இழுத்து இறுக்க முடியாது என்று பிறகுதான் விளங்கியது. பிரித்துத் தைத்தேன்.

ஒரு மாதம் வளவு மணலில் கயாக்கை வைத்துத் துடுப்பு வலித்துப் பழகினேன். அவர் வாசலில் நின்று சிரிப்பார். "புள்ள, மாமரத்தடியில மீன் நல்லாக் கொத்துதாம், அங்கால வலி!"

சுபஹ் தொழுதுவிட்டு 5.30க்கு எங்கள் சின்ன லொறியில் புறப்பட்டோம். போகவர டீசல் இரண்டாயிரம். அக்கரைப்பற்றில் பிளேன்ரீயும் ரொட்டியும், இருவருக்கும் 280. வழமையில் நிந்தவூர் தாண்டுமுன் நெல் விலை தொடங்கி ஊர்க் கதை முழுக்கச் சொல்லி முடிப்பவர், அன்று வாய் திறக்கவில்லை. நித்திரை போதவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

6.50க்குக் களப்பு. தண்ணீர் இல்லை. கரையிலிருந்து இருநூறு மீட்டருக்குக் கறுத்த சேறு, கொக்குகள், நடுவில் ஓர் ஓடை. தோணிகள் சரிந்து கிடந்தன. அவற்றில் ஒன்றின் மேல் அந்த ஊர் மீனவர் ஒருவர் வலையை மடித்துக்கொண்டிருந்தார். தவராசா என்று பெயர் சொன்னார்.

"அண்ண, தண்ணி எங்க?"

"கடலுக்குப் போயிட்டு தங்கச்சி. முந்தாநாள் முகத்துவாரம் வெட்டின."

மாரியில் களப்பு நிரம்பி மேற்கே வயல்கள் மூழ்கினால், கடலுக்கும் களப்புக்கும் நடுவிலுள்ள மணல் மேட்டை வெட்டித் தண்ணீரை விடுவார்கள். வயல்காரர் வெட்டச் சொல்வார்கள், மீன்காரர் வேண்டாம் என்பார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. திருக்கோவிலுக்கு மேற்கே எங்களுக்கும் நாலு ஏக்கர் இருக்கிறது.

தவராசா என் கணவரை உற்றுப் பார்த்தார். பிறகு லொறியின் மேலிருந்த கயாக்கைப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கினார்.

"இஞ்ச பாருங்க நானா, நீங்கதானே கூட்டத்துல முன்னுக்கு நிண்டு, இண்டைக்கே வெட்டோணும் எண்டு கத்தின? தண்ணியத் திறந்துபோட்டுத் தோணி கொண்டாந்திரிக்கீங்க!"

என் கணவர் கயிற்று முடிச்சைத் தடவிக்கொண்டு நின்றார். "இவ்வளவு கெதியா வத்தும் எண்டு ஆர் கண்ட?"

"இறால் கண்டிரிக்கு. ஒண்டு மிச்சமில்ல." தவராசாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "உங்கட வேளாண்மை தப்பிச்சு. எங்கட இறால ஆரு தாற?"

என் கணவர் என் பக்கம் திரும்பி, "ஓடை வரைக்கும் தோணிய இழுத்துத் தாரன் புள்ள, அதுக்குள்ள எண்டாலும் இறங்கிப் பாரு" என்றார்.

தவராசா கையை நீட்டி மறித்தார். "வேணாம் தங்கச்சி. ஓடைத் தண்ணி முகத்துவாரப் பக்கம் இழுக்குது. பிறகு உங்கள கடல்லதான் தேடோணும்."

கயாக்கின் கயிற்றைக்கூட அவிழ்க்காமல் திரும்பினோம். தம்பிலுவில் தாண்டியதும் அவரிடம் கேட்டேன்.

"கூட்டத்துக்குப் போன எண்டு எனக்கு ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீ மூஞ்சியத் தூக்குவாய். ஆறு நாள் பயிர் தண்ணிக்குள்ள நிண்டது, என்ன செய்யச் சொல்ற?"

"வெட்டினதக் கேக்கல்ல. சொல்லாததக் கேக்கன்."

"அது... உன்ட விளையாட்டுத்தானே, இன்னொரு நாளைக்குப் போகலாம் எண்டு நினைச்சன்."

அந்த ஆறு நாளும் இஷாத் தொழுகைக்குப் பிறகு கையேந்தி, வயல் தண்ணீரை வடியச் செய் யா அல்லாஹ் என்று நானும்தான் துஆ கேட்டேன். அவன் கேட்டதைக் கொடுத்தான், அல்ஹம்துலில்லாஹ். அதில் எனக்கு முறைப்பாடு இல்லை. ஊர்க் கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்கச் சொன்ன ஒரு பேச்சை, பக்கத்தில் படுத்திருந்தவளுக்குச் சொல்லத் தேவையில்லை என்று ஒருவர் நினைத்திருக்கிறார். என் மூன்று வருடத்துக்கு அவர் வைத்த பெயர் விளையாட்டு. அதை எந்தக் கணக்கில் எழுதுவதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

போக நினைப்பவர்கள் மாரி முடிந்து, கடல் மணலைத் தள்ளி முகத்துவாரம் தானாக மூடிய பிறகு போங்கள். காலையில் இறங்கி, காற்று எழும்புமுன் 9.30க்குள் கரையேறுங்கள். முதல் நாள் அந்த ஊரில் யாருக்காவது போன் எடுத்து, முகத்துவாரம் வெட்டியாச்சா என்று கேளுங்கள். அதே கேள்வியை உங்கள் வீட்டு ஆம்பிளையிடமும் கேளுங்கள். முகத்தைப் பார்த்துப் பதில் வரும்வரை கயாக்கை லொறியில் ஏற்றாதீர்கள்.