கொக்குராவை மூடிய மேகம்

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் பிரெஞ்சுப் பள்ளி ஆசிரியையான மடாம் ஓர் ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பெரியவரை அழைத்துவர வேண்டும். அவர் தாம் வாழ்ந்த ஏதாவது ஒரு நகரத்தைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும். நாங்கள் குடிவந்திருந்த ரொக்ஸ்பரோவில் வீட்டில் பெரியவர்கள் மூன்று பேர். அப்பாவுக்குப் பகல் வேலை. அம்மா, 'பொன்ஜூர்', 'மெர்சி' இரண்டையும் தாண்டிப் பிரெஞ்சு மொழிக்குள் ஓர் அடிகூட வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். மிஞ்சியவர் சின்ன மாமா.

அம்மாவின் தம்பியான அவர் ஜப்பானில் பல வருடங்கள் வேலை செய்துவிட்டு, முந்திய கோடையில்தான் எங்களிடம் வந்து நிலக்கீழ் அறையில் குடியேறியிருந்தார். அவர் இருந்த ஊர் கொக்குரா. அங்கே ஒரு கோட்டை உண்டு என்று நான் சொன்ன நாளிலிருந்து வகுப்பில் என் மதிப்பு ஏறியிருந்தது. மாமா கோட்டைக்குள் வசித்தார் என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. அப்படி நினைத்தவர்களைத் திருத்தவும் அவசரப்படவில்லை.

"எனக்குப் பிரெஞ்சு வராதே, பிள்ளை" என்றார் மாமா.

"நீங்கள் தமிழிலை கதையுங்கோ. நான் மாத்திச் சொல்லுறன்."

அப்பாவின் கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு வந்த மாமா, முதலில் கரும்பலகையில் கோட்டையைக் கீறினார். சரிந்த கல் அடித்தளம், வெள்ளைச் சுவர், ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரைகள். வகுப்பே 'ஓ' என்றது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் கோட்டைக்குப் பக்கத்திலேயே நெட்டையாகப் புகைபோக்கிகளைக் கீறத் தொடங்கினார்.

"மாமா, அது வேண்டாம்" என்று கிசுகிசுத்தேன்.

"அது இல்லாட்டி இது கொக்குரா இல்லை, பிள்ளை."

பிறகு பேசினார். அந்தக் கோட்டைக்குத் தீ வைத்தவர்கள் அதன் சொந்த வீரர்களே. ஒரு சண்டையில் பின்வாங்கியபோது எதிரிக்குக் கிடைக்கக்கூடாது என்று கொளுத்திவிட்டுப் போனார்களாம். இப்போது நிற்பது சீமெந்தில் திரும்பக் கட்டியது. பிற்காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் நிலக்கரியும் இரும்பாலைகளும் ரயிலும் வந்தன. கோட்டையை ஒட்டியே இராணுவத்துக்கு ஆயுதம் செய்யும் பெரிய தொழிற்சாலை இருந்தது. இவ்வளவையும் நான் வீரத்தோடு மொழிபெயர்த்தேன். யாரோ ஒருவன் மாமா அங்கே என்ன செய்தார் என்று கேட்டான்.

"கக்கூசுக்கு வைக்கிற கொமட் செய்யிற பக்டரியிலை நிண்டனான்" என்றார் மாமா.

நான் அவரைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். வேறு வழியில்லாமல் சொன்னேன். வகுப்பு சிரிப்பில் உருண்டது. மாமாவும் சேர்ந்து சிரித்தார். எனக்குக் காதுவரை சுட்டது.

சிரிப்பு அடங்கியதும் மாமா புகைபோக்கிகளுக்கு மேலே சோக்கைச் சாய்த்துப் பிடித்து மேகம் பூசினார். உலக யுத்தத்தின் முடிவில் இரண்டாவது அணுகுண்டோடு புறப்பட்ட விமானம் முதலில் கொக்குராவுக்குத்தான் வந்தது என்றார்.

"அண்டைக்கு ஊர் தெரியேல்லை. மேகம். முதல் நாள் பக்கத்து ஊரிலை குண்டு போட்டு எரிஞ்ச புகை வேறை. ஆலைக்காரர் வேணுமெண்டே புகை விட்டவையெண்டும் சொல்லுவினம். விமானம் சுத்திச் சுத்திப் பாத்திட்டுப் போயிட்டுது."

நான் சொல்லி முடித்ததும் வகுப்பு கைதட்டியது. மடாமைத் தவிர எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். கோட்டையும் புகைபோக்கிகளும் தப்பிவிட்டன அல்லவா! மாமா மட்டும் சோக்கை விரல்களுக்குள் உருட்டியபடி சத்தம் ஓயும்வரை காத்திருந்தார்.

"அது நாகசாகிக்குப் போச்சுது. அங்கையும் பள்ளிக்கூடம் இருந்தது எண்டு சொல்லு, பிள்ளை."

சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி கை உயர்த்தி, அப்படியானால் அந்த மேகம் நல்லதா கெட்டதா என்று கேட்டாள். நான் அதைத் தமிழாக்கினேன். மாமா சோக்கைக் கீழே வைத்தார்.

"எனக்கும் தெரியாது, மகள். கொக்குராவிலை, கோட்டைக்குப் பக்கத்துப் பூங்காவிலை நாகசாகிச் சனத்துக்காக ஒரு மணி தொங்கவிட்டிருக்கினம். வருசா வருசம் அடிப்பினம். நானும் போய் நிண்டிருக்கிறன்."

யாழ்ப்பாணத்தில் யுத்த காலத்தில் மாமாவும் அம்மாவும் பிள்ளைகளாக இருந்தபோது, வீட்டு வளவில் குண்டுக்குப் பதுங்க வெட்டிய பங்கருக்குள் இருந்த ஒரு பகலைப் பற்றி அம்மா எனக்குச் சொன்னது நான் வளர்ந்த பிறகுதான். தலைக்கு மேல் சுற்றிய விமானம் விலகிப் போக, உள்ளே எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துச் சிரித்தார்களாம். மாமா கைதட்டினாராம். குண்டு அடுத்த ஊரில் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பக்கத்து வாங்கில் இருந்த சிநேகிதனின் வீடு அங்கேதான் இருந்தது.

அன்று இதொன்றும் தெரியாமல் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். டோர்வால் விமான நிலையத்தில் இறங்கப் போகும் விமானம் ஒன்று கூரைகளுக்கு மேலால் தாழ்ந்து வந்தது. மாமா நின்றார். நானும் நின்றேன்.

"அது இறங்கப் போகுது, மாமா."

"ஓம், தெரியும்" என்றார். ஆனாலும் சத்தம் முழுவதும் அடங்கும்வரை அவர் நகரவில்லை.

மாமாவுக்கு விமானம் என்றால் உயிர் என்று முடிவுகட்டினேன். அன்று பின்னேரமே அவருக்காக ஒரு படம் கீறினேன். எங்கள் வீட்டுக்கு நேர் மேலே பெரிய விமானம், சுற்றிலும் பளிச்சென்ற நீல வானம். விமானம் வடிவாகத் தெரியவேண்டும் என்று மேகம் ஒன்றுகூடக் கீறவில்லை.

கட்டிலில் இருந்த மாமா அதை வாங்கி, மேகமில்லாத நீலத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என் தலையைத் தடவி, "நல்ல வடிவாயிருக்கு" என்றார். நாலு மூலைக்கும் செலோரேப் ஒட்டி, தலைமாட்டுச் சுவரிலேயே பதித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.