கரண்ட் விழும் ஊர்

பேசும்போதெல்லாம் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டேயிருக்கும் மெலிந்த மனிதர் அவர். ஏறாவூரில் ரேடியோ திருத்தும் முஸ்லிம்; அண்ணன் முறை வைத்து ‘காக்கா’ என்போம். தன்னாமுனையில் எங்கள் குஞ்சு பொரிக்கும் பெட்டிக்கு, சூடு குறைந்தால் பல்பு தானே எரியவும் கூடினால் அணையவும் ஒரு சுவிட்ச் கட்டித் தந்திருந்தார். அந்தப் பெட்டிதான் எங்கள் பிழைப்பு.

மாலையில் இராணுவ முகாமின் பெரிய விளக்குகள் எரிந்ததும் ஊரின் மின்சாரம் இறங்கிவிடும். ஒரு நாள் அதோடு சுவிட்சின் கணக்கும் பிசகியது. பல்பு எரியாமல் முட்டைகள் குளிர்ந்து செத்தன.

செய்தி கேட்டதும் சோதனைச் சாவடியைக் கடந்து சைக்கிளில் வந்துவிட்டார்.

“கரண்ட் செஞ்ச வேலைக்கு நீங்க என்ன செய்யிற காக்கா? தேத்தண்ணியக் குடிங்க” என்றாள் என் மனைவி.

“கரண்ட் விழும் எண்டு தெரிஞ்சுதானே தங்கச்சி இந்த ஊர்ல வேல செய்யிறன். அது கூடிக் குறைஞ்சாலும் உள்ளுக்கு ஒரே அளவாக் குடுக்க ஒரு ஸெனர் டயோட் வெச்சிருக்கணும். நான் வெக்கல்ல. என்ட பிழ.”

நெல்மணியளவு இருந்த அதைத் தலை நிமிராமலே சுவிட்சில் ஈயம் உருக்கிப் பற்றவைத்தார். தேத்தண்ணியைத் தொடவில்லை. பிறகு செத்த முட்டைகளை வாளியில் அள்ளிப்போய், வாவிக்கரையில் தானே குழி தோண்டிப் புதைத்தார்.

அந்தப் போர் வருடங்களில் எங்களைச் சுற்றி, தமிழர் ஊரிலும் முஸ்லிம் ஊரிலும், எத்தனையோ வீடுகள் எரிந்தன, எத்தனையோ பேர் செத்துப்போனார்கள். ஒருவராவது வந்து என் பிழை என்றதில்லை; நானும் எவர் வாசலுக்கும் போய்ச் சொன்னதில்லை. முட்டைகளுக்காகக் குனிந்த அந்த முகம் நினைவில் வரும்போது, எங்கே பார்ப்பதென்று எனக்கு இன்னும் தெரிவதில்லை.