பாதியில் நின்ற ஒப்பாரி

வேன் ஸ்ரீவில்லிபுத்தூரில் புறப்பட்டு, ராஜபாளையத்தில் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு வந்தபோது காலை ஐந்தரை மணி. பஞ்சு மார்க்கெட் பக்கத்தில் காத்து நின்ற பரிபூரணம் ஏறிப் பார்த்தாள். இசக்கியம்மாளுக்குப் பக்கத்து இருக்கை ஒன்றுதான் காலி. அதில் இசக்கி தன் சாப்பாட்டுப் பையை வைத்திருந்தாள். பரிபூரணம் வந்து நின்றதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பரிபூரணம் தேவதானத்தில் பிறந்தவள். ஐம்பத்தொன்பது வயது. பத்தொன்பதில் ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் சேர்ந்தாள். நீளமான மெஷினின் ஒரு பக்கம் முழுக்க நடந்துகொண்டே, அறுந்து போகிற நூலை ஒட்டவைக்கிற வேலை. அடுத்த மெஷினில் இசக்கி. முப்பத்தேழு வருஷம் இருவரும் அப்படியே நடந்தார்கள். அந்த இரைச்சலில் பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. உதட்டைப் பார்த்தும் கையைப் பார்த்தும்தான் பேச்சு. வெளியே வந்தாலோ குரல் இறங்காது. பஸ்ஸில் இவர்கள் குழம்பு வைத்த கதை பேசினால், சண்டை என்று நினைத்துக் கண்டக்டர் சமாதானம் சொல்ல வந்ததும் உண்டு.

அந்தக் குரல்தான் வினையாகிப் போனது.

ஏழு மாதத்துக்கு முன் பரிபூரணத்தின் வீட்டுக்காரர் வைகுண்டராஜ் இறந்தார். சத்திரப்பட்டியிலிருந்து பேண்டேஜ் துணி ஏற்றிப் போகும் லாரியில் டிரைவராக இருந்தவர். அதிகம் பேசாத மனிதர். சர்ச்சிலிருந்து வந்த சபையார் உடலைச் சுற்றி உட்கார்ந்து பாமாலை பாடிக்கொண்டிருந்தார்கள். அப்போது இசக்கி வந்தாள். தெருமுனையிலேயே முடியை அவிழ்த்துவிட்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டு, அண்ணாச்சி, அண்ணாச்சி என்று ராகம் இழுத்தபடி வந்து உடலருகே உட்கார்ந்தாள். அவள் வீட்டு வழக்கம் அது. செத்த வீட்டுக்குள் வாயை மூடிக்கொண்டு நுழைவது அவளைப் பொறுத்தவரை பெரிய அவமரியாதை.

ஒரு பக்கம் பாமாலை, ஒரு பக்கம் ஒப்பாரி. பாடியவர்கள் தடுமாறினார்கள். பாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"நிறுத்துட்டி! பாட்டு நடக்குதுல்லா" என்றாள் பரிபூரணம்.

மில்லில் பழகிய குரல். தெருவுக்கே கேட்டது. இசக்கி வரியின் நடுவிலேயே நிறுத்தினாள். எழுந்து, முடியை முடிந்துகொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனாள். ஒப்பாரியைப் பாதியில் நிறுத்தச் சொல்வது பந்தியில் உட்கார்ந்தவளைக் கையைப் பிடித்து எழுப்புவதுபோல. அது பரிபூரணத்துக்கும் தெரியும். சொன்ன பிறகுதான் உறைத்தது.

அன்றைக்கு அவள் அழவில்லை. அடக்கம் முடிந்த பிறகும் அழவில்லை. 'விசுவாசம் உள்ள பிள்ளை' என்று சபையில் பாராட்டினார்கள். இசக்கிக்கு மூன்று தடவை போன் போட்டாள். மருமகள்தான் எடுத்தாள். அத்தை கோயிலுக்குப் போயிருக்காவ, அத்தை தூங்குதாவ என்றாள். அப்புறம்தான் மில்லில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து மணப்பாடு போகிறார்கள் என்று கேள்விப்பட்டாள். இசக்கி பேரும் அதில் இருந்தது. பரிபூரணத்துக்குக் கடல்மேல் ஆசை ஒன்றும் இல்லை. இந்த ஒரு பகலில் இசக்கியிடம் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். கேட்காமல் திரும்பினால் இனி ஒருநாளும் கேட்கப் போவதில்லை.

மில்லில் இவர்களை வேலை வாங்கிய வேலுசாமி மேஸ்திரி வேனுக்குள் முன்னும் பின்னும் நடந்து ஆளை எண்ணினார். ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆகியும் கழுத்தில் விசில் தொங்கியது.

"எண்ணுறத இன்னும் விடலையா மேஸ்திரி?" என்றாள் இசக்கி. "அன்னிக்கு ஒண்ணுக்குப் போனாலும் எண்ணுனீரு. இன்னிக்குமா?"

"ஒன்னய விட்டுட்டுப் போனா கடலு ஒன் வாயிலருந்து தப்பிச்சுக்கும்ல, அதுக்குத்தான் பயம்."

வேனே சிரித்தது. பரிபூரணமும் சிரித்தாள். அதைப் பார்த்ததும் இசக்கியின் சிரிப்பு நின்றுவிட்டது.

சங்கரன்கோவில், திருநெல்வேலி, திருச்செந்தூர் எல்லாம் கடந்து போயின. தோளோடு தோள் உரச உட்கார்ந்தும், மணப்பாடு வரை இருவரும் பேசவில்லை.

ஊர் சின்னது. பெரிய கதவு வைத்த பழைய வீடுகள், வெள்ளையடித்த சுவர்கள், கருவாட்டு வாசம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஆறு வந்து தேங்கிய நீர்ப்பரப்பு. அங்கே நாரைகள் அசையாமல் நின்றன. நடுவே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற மணல் குன்று. அதன்மேல் திருச்சிலுவைக் கோயில்.

"ஏ பரிபூரணம், ஒங்க கோயிலு எம்புட்டு உசரத்துல இருக்கு பாரு" என்றார் மேஸ்திரி.

"இது ஆர்.சி. கோயில். நாங்க சி.எஸ்.ஐ."

"அது ஒங்களுக்குள்ள. எனக்கு மூட்டு வலிக்கு, அம்புட்டுதான்."

குன்றுக்குக் கீழே சவேரியார் இருந்த குகை என்று ஒன்றைக் காட்டினார்கள். உள்ளே கிணறு. உப்புக் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் தண்ணீர் இனிக்கிறது என்று எல்லோரும் குடித்துப் பார்த்தார்கள். கூட்டம் அங்கே நின்ற நேரத்தில் இசக்கி தனியாக வெளியே போய், குன்றில் ஏறி, கோயிலுக்குப் பின்னால் கடலைப் பார்த்து நின்றாள். பரிபூரணம் பின்னாலேயே போனாள்.

அங்கே காற்று ஆளைத் தள்ளியது. கீழே பாறையில் அலை அடித்தது.

"இசக்கி!"

கேட்கவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். குரலைக் காற்று பின்னால் கொண்டுபோனது. பரிபூரணம் சுற்றிப் போய் அவளுக்கு எதிரே பத்தடி தள்ளி நின்றாள். மில்லில் தன்னால் அடுத்தவள் மெஷினில் ஏதாவது கெட்டுவிட்டால், நெஞ்சில் இரண்டு தட்டு தட்டி உள்ளங்கையை விரித்துக் காட்டுவார்கள். பரிபூரணம் தட்டினாள். விரித்தாள்.

இசக்கி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்தில் வந்தாள்.

"ஏழு மாசம் ஆச்சாட்டி ஒனக்கு, அதத் தட்டுறதுக்கு?"

"நீ போன எடுக்கல."

"எடுத்திருந்தா வஞ்சிருப்பேன்."

"இப்ப வையி."

"இப்ப கோவம் வரமாட்டேங்கு." இசக்கி மணலில் உட்கார்ந்தாள். "அம்புட்டுப் பேருக்கு நடுவுல நாய வெரட்டுற மாதிரி வெரட்டிட்டியேட்டி."

பரிபூரணமும் உட்கார்ந்தாள். "அன்னிக்கு நிறுத்துனத இப்பப் பாடு. நான் கேக்கேன்."

"கிறுக்கச்சி. ஒப்பாரிய நினைச்ச எடத்துல பாடுவாங்களா? சாவு விழாத எடத்துல பாடுனா சாவக் கூப்பிட்ட மாதிரி. இந்த ஊரு என்ன பாவம் செஞ்சுச்சு?"

"பாட வேண்டாம். நீ என்ன பாட இருந்தன்னு மட்டும் சொல்லு."

இசக்கி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"லாரி போகாத நாள்ல, ஷிப்டு முடிஞ்சா அண்ணாச்சி சைக்கிளோட கேட்டுல நிப்பாவள்ல. கேட்டுலருந்தே ஒன்னய ஏத்திக்கிட்டுப் போனாவளா என்னிக்காவது?"

"எங்க? பாதித் தூரம் உருட்டிக்கிட்டேதான் நடப்பாவ. முழுத் தூரமும் டபுள்ஸ் மிதிக்கத் தெம்பு இல்லன்னு நானே கேலி பண்ணிருக்கேன்."

"லாரி ஓட்டுறவருக்கா தெம்பு இல்ல? நான் நடந்து வாரேன்லாட்டி. ஒன்னய ஏத்திக்கிட்டுப் போனா நான் தனியா வரணும். அதுக்காக எங்க தெரு முக்கு வரைக்கும் உருட்டிக்கிட்டே வந்தாவ. வருஷக்கணக்குல. ஒரு நாளு நான் திரும்பிப் பாத்தேன். என் தெரு தாண்டுனதும் நீ பின்னால ஏறி உக்காருத. அன்னிக்குத்தான் எனக்கு வெளங்குச்சு. 'ஏறாம உருட்டி வந்த என் அண்ணாச்சி'ன்னு எடுக்கத்தான் வந்தேன். அந்த அடிக்குப் போறதுக்குள்ள நீ நிறுத்திட்ட."

தெரு தாண்டியதும் 'ஏறு' என்பார், பரிபூரணம் ஏறுவாள். ஏன் அங்கிருந்து மட்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. வாய் கோணியது. முதலில் இருமல்போலத்தான் வந்தது. பிறகு அவள் தலையைக் குனிந்து, இரண்டு கையும் மணலில் ஊன்றி, சத்தம் போட்டு அழுதாள். இசக்கி அவள் முதுகில் கையை வைத்தாள். தட்டவில்லை, தடவவில்லை. வைத்திருந்தாள்.

கோயில் முனையில் விசில் சத்தம் கேட்டது. வேலுசாமி மேஸ்திரி வந்துகொண்டிருந்தார்.

"எல்லாரும் வேன்ல ஏறியாச்சு. ரெண்டு பேரு கொறையுது, ரெண்டு பேரு!"

"கொறையட்டும்" என்று இசக்கி திரும்பிக் கத்தினாள். காற்றை மீறி அது கேட்டது. "அவ அழுது முடிக்கல. முடிச்சிட்டு வாரோம், நீரு போம்!"

மேஸ்திரி அருகில் வந்து பார்த்தார். விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். கொஞ்சம் தள்ளி, கடலுக்கு முதுகு காட்டி, வேன் பக்கமிருந்து யாரும் வராமல் பார்த்துக்கொண்டு நின்றார்.