பத்மக்கா காப்பாற்றிய மெரூன் கார்

போன செவ்வாய்க்கிழமை காலை ஓசூரிலிருந்து முனிராஜு போன் செய்தார். எங்கள் தொழிற்சாலையில் இருபது வருஷம் என்னோடு குப்பை கொட்டியவர். யாருக்குக் கல்யாணம், யாருக்கு மாற்றல், யார் யாரோடு பேசுவதில்லை என்பதையெல்லாம் எனக்குச் சுடச்சுடச் சொல்லும் புண்ணியவான். அன்றைக்கும் ஏதோ சுவையான வம்புதான் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். "பத்மக்கா போயிட்டாங்கப்பா" என்றார். "எங்கே போனாங்க?" என்று கேட்டேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

பெயின்ட் ஷாப் பத்மக்காவை அறிந்தவர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வண்டிகளின் உதிரிப் பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் எங்கள் பிரிவில் அவர் இன்ஸ்பெக்டர். அந்தப் பிரிவுக்கு வந்த முதல் பெண். ஓசூருக்குப் பக்கத்தில் பேரிகை ஊர்க்காரர், வீட்டில் தெலுங்கு. கணவர் கர்நாடக எல்லைக்கு அந்தப்பக்கம் கன்னடப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அதனால் பத்மக்கா கொஞ்சுவது தெலுங்கில், திட்டுவது கன்னடத்தில், ரிப்போர்ட் எழுதுவது மட்டும் தமிழில். நான் ஸ்டோர்ஸ். என்னைவிட நாலு வயது மூத்தவர் என்றாலும் என்னை "சார்" என்றுதான் கூப்பிடுவார். அந்தச் "சார்" காதில் விழும்போதெல்லாம் எனக்குச் சட்டைப் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்துவிடும்.

அவர் வேலை செய்கிற விதத்தைப் பார்க்கவே மற்ற பிரிவுக்காரர்கள் வருவார்கள். பெயின்ட் காய்ந்து வந்த தகட்டை முதலில் கண்ணால் பார்க்கமாட்டார். சர்க்கரை கட்டித் தருகிற மெல்லிய பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு, தகட்டின் மேல் பூனை நடப்பதுபோல உள்ளங்கையை ஓட்டுவார். வெறுங்கைக்கு வழவழப்பாகத் தெரிகிற இடத்தில்கூடக் கவருக்குள் இருக்கும் கைக்கு ஒரு தூசி மணல்போல நெருடும். நெருடினால் தகடு திரும்பிப் போகும். ஒருநாள் சூப்பர்வைசர், "கண்ணுக்கே தெரியாததை எதுக்கும்மா திருப்பறே?" என்று கத்தினார். "கண்ணு நமக்கு வேண்டியதைத்தான் பார்க்கும் சார், கைக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது" என்றார் பத்மக்கா. சூப்பர்வைசர் அதன் பிறகு ஒரு வாரம் எங்களிடம்தான் கத்தினார்.

இப்படிப்பட்டவர் பக்கத்திலேயே இருக்க, நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவரைப் பற்றிச் சொல்ல இதைவிட நல்ல கதை என்னிடம் இல்லை.

எண்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் சிங்காரப்பேட்டை. பெண்ணின் அப்பாவுக்கு மாந்தோப்பு உண்டு, கார் உண்டு. தோப்பைவிடக் காரைத்தான் அதிகம் சுற்றி வருவார் என்பது ஊர்ப் பேச்சு. மெரூன் நிறம். தினமும் காலையில் தோளில் இருக்கும் துண்டாலேயே துடைப்பார். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, புடவை எடுக்கப் பெங்களூருக்கு உறவுக்காரர்களோடு வேனில் போனார். காரை ஓசூரில் எங்கள் வீட்டு வாசலில் விட்டு, சாவியை என் கையில் கொடுத்து, "மாப்ள, மாமரத்தடியில மட்டும் நிறுத்திடாதீங்க, பிசினு சொட்டும். நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு வந்துடறன்" என்றார்.

அந்த "மாப்ள" என் தலைக்கு ஏறிவிட்டது. அவர் திரும்பி வரும்போது கார் கண்ணாடிபோல மின்ன வேண்டும் என்று முடிவு செய்தேன்.

காரை மினுக்குவது பற்றி எங்கள் தொழிற்சாலையில் தலைக்கு ஒரு கொள்கை இருந்தது. கேன்டீன்காரர் தேங்காயெண்ணெய் கட்சி. டிரைவர்கள் மண்ணெண்ணெய் கட்சி. முனிராஜு பற்பொடி. கணக்குப் பிரிவில் ஒருவர் ஷூ பாலிஷ் போட்டு, அவர் மனைவியின் வெள்ளைப் புடவை அந்தக் கதவில் உரசியதிலிருந்து வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. நான் இவர்களையெல்லாம் பார்த்துச் சிரித்தவன். ஸ்டோர்ஸ்காரன் அல்லவா, எனக்குச் சரக்கு தெரியும்! கிருஷ்ணகிரியில் என் பெரியம்மா மகனுக்குக் கிரானைட் பட்டறை இருந்தது. அங்கே கல்லை மெருகேற்றக் கடைசியில் ஒரு வெள்ளைப் பவுடர் போடுவார்கள். கருங்கல்லில் நம் மூக்கு முடிகூடத் தெரியும். கல்லே அப்படி மின்னும் என்றால் கார் எப்படி மின்னும்! ஒரு டப்பா வாங்கி வைத்திருந்தேன். கிருஷ்ணகிரிக்காரனைத் தவிர வேறு எவனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல வெயிலில் காரை நிறுத்தி, பானெட்டில் பவுடரைக் குழைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். துணி மெரூன் நிறமாக மாறியது. எனக்கு ஒரே குஷி. எவ்வளவு அழுக்கு போகிறது பாருங்கள் என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மாவும் மகிழ்ந்தாள். முக்கால் மணி நேரம் போனபின் துடைத்துப் பார்த்தால், பானெட்டின் பாதி சாம்பல் பூசிய பூசணிக்காய்போல மங்கிக் கிடக்கிறது. இடது ஓரத்து விளிம்பில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் பெயின்டே இல்லை. அடியில் இருந்த சாம்பல் நிறப் பிரைமர் என்னைப் பார்த்து இளித்தது.

மொபெட்டை உதைத்துக்கொண்டு பத்மக்கா வீட்டுக்கு ஓடினேன். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"எதுல தேச்சீங்க சார்?"

"கல் பவுடருங்க."

"கல்லுக்குப் போடற பவுடரா?"

"ஆமாங்க."

"அய்யோ தேவரே!" என்று கடவுளைக் கூப்பிட்டார். பிறகு கன்னடத்தில் ஒரு முழு வாக்கியம் சொன்னார். நல்ல வேளை, வேகமாகச் சொன்னதால் எனக்குப் பாதிதான் புரிந்தது. எண்ணெய்த் தலையை ஒரு துண்டால் கட்டிக்கொண்டு, ஒரு பையில் நாலைந்து டப்பாக்களைப் போட்டுக்கொண்டு, என் மொபெட்டின் பின்னால் ஏறினார். வழியெல்லாம், "பெயின்ட்டுன்னா தேங்கா ஓடு மாதிரின்னு நெனச்சுட்டீங்களா? அது வெங்காயத்தோலு சார், வெங்காயத்தோலு" என்று என் முதுகுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

வந்ததும் முதலில் காரை வீட்டின் நிழலுக்குத் தள்ளச் சொன்னார். சூடான தகட்டில் எதைத் தடவினாலும் அப்படியே ஒட்டிக்கொண்டு காயுமாம். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பவுடர் முழுவதையும் கழுவினார். பிளாஸ்டிக் கவரை மாட்டிக் கையை ஓட்டினார். "மண்ணு போயிடுச்சு. கீறல்தான் இருக்கு" என்றார். "பெயின்ட் இருக்குங்களா?" என்றேன். "துணியில மெரூன் வந்துச்சு இல்ல? வர்ற வரைக்கும் இருக்குன்னு அர்த்தம். அந்த ஓரத்துல மட்டும் உங்க புண்ணியத்துல தீர்ந்துபோச்சு."

பிறகு டப்பாக்களை வரிசையாக வைத்தார். நான் பாய்ந்து, மிகக் கெட்டியாக, சொரசொரப்பாக இருந்த ரப்பிங் காம்பவுண்டை எடுத்தேன். கையிலேயே ஒரு அடி விழுந்தது. "இருக்கறதுலயே சாதுவானதுல ஆரம்பிக்கணும். அது வேலை செய்யலன்னாதான் அடுத்தது. நீங்க ஏற்கனவே அம்மியில அரைச்சுட்டீங்க, இன்னும் எதுக்கு அரைக்கணும்?" பால்போல இருந்த ஒரு திரவத்தை எடுத்து, பானெட்டில் அல்ல, டிக்கிக் கதவின் அடியில் யாரும் பார்க்காத மூலையில் விரலளவு தேய்த்துப் பார்த்தார். அங்கே பளிச்சென்று வந்தபின்தான் பானெட்டுக்கு வந்தார். கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு கை அகலம் தேய்ப்பது, துடைப்பது, பார்ப்பது. சாம்பல் பூசணிக்குள்ளிருந்து மெரூன் திரும்பி வந்தது! நான் அங்கேயே குதித்தேன். அம்மா காபி போட ஓடினாள்.

"இப்பவே மெழுகு போட்டுடலாமா மேடம்?" என்றேன்.

"மெழுகுன்னா மருந்துன்னு நெனச்சீங்களா? அது குடை சார். நனைஞ்சவனுக்குக் குடை பிடிச்சு என்ன புண்ணியம்? மொதல்ல துடைக்கணும், அப்புறம்தான் குடை."

ஒரு சொட்டு விடாமல் துடைத்தபிறகு, மஞ்சள் நிறக் கெட்டி வேக்ஸை மிக மெல்லிசாகப் பூசினார். நான் கடையில் வாங்கி வைத்திருந்த பளபளா பாலிஷ் பாட்டிலை மோந்து பார்த்துவிட்டு, "இது ரெண்டு மழைக்குத் தாங்காது. ஷோரூமுக்கு ஆகும், மாந்தோப்புக்கு ஆகாது" என்று ஓரமாக வைத்தார். வேக்ஸ் வெளிறிக் காய்ந்ததும் துணியால் எடுத்தார். ஒரு கை தண்ணீர் தெளித்தார். சேப்பங்கிழங்கு இலையில் நிற்பதுபோல முத்து முத்தாக நின்றது. மணி மூன்றரை.

ஆனால் அந்த எலுமிச்சம்பழம் அங்கேயே இருந்தது. மற்ற இடமெல்லாம் மின்னியதால் இப்போது இன்னும் நன்றாகத் தெரிந்தது. எனக்கு ஒரு மகத்தான யோசனை வந்தது. "மேடம், அந்த இடத்துல கெட்டியா சந்தனம் அப்பி, நடுவுல குங்குமம் வச்சுடறன். கல்யாணக் காருக்குப் பூஜை போட்டோம்னு சொல்லிடலாம்."

பத்மக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க தப்புக்கு எதுக்கு சார் சாமியக் கூப்படறீங்க?"

"கல்யாணமே நின்னுபோயிடும் மேடம்!"

"இதுக்கு நிக்கற கல்யாணம் நிக்கட்டும். சந்தனத்தைக் கழுவினப்புறம் தெரிஞ்சா என்ன ஆவும், அதை யோசிங்க."

யோசிக்க நேரமில்லை. வேன் வந்து நின்றது. மாமனார் இறங்கினார், காரைப் பார்த்தார், அப்படியே நின்றார். தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு காரைச் சுற்றி வந்தார். கோயிலைச் சுற்றுவதுபோலத்தான். "என்ன மாப்ள இது! வாங்கின அன்னிக்குக்கூட இப்படி இல்லியே!" நான் பானெட்டின் இடது ஓரத்தில், இடுப்பைச் சாய்த்து, கையைக் கட்டிக்கொண்டு, கல்யாண ஆல்பத்தில் நிற்கிற மாதிரி நின்றிருந்தேன். அவர் வலப்பக்கம் போனால் சிரித்தேன், இடப்பக்கம் வந்தால் இன்னும் பலமாகச் சிரித்தேன். நகரவில்லை.

"சார்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

ஓடிவிடலாமா என்று நினைத்தேன். மொபெட் வேனுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. தள்ளி நின்றேன்.

மாமனார் குனிந்து பார்த்தார். விரலால் தொட்டார். வேனில் இருந்தவர்கள் எல்லாரும் புடவைப் பையோடு இறங்கி வந்து பார்த்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: கல் பவுடர், வெயில், முக்கால் மணி நேரம், அழுக்கு போகிறது என்று அம்மாவைக் கூப்பிட்டது, ஒன்று விடாமல். சந்தனத்தையும் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாம்.

"கல்லுக்குப் போடறதைக் காருக்குப் போட்டிருக்கான். இவனை நம்பி எம் பொண்ணை எப்படிக் குடுக்கறது?" என்றார் மாமனார். என்னிடம் கேட்கவில்லை, பத்மக்காவிடம் கேட்டார். "நீ தள்ளச் சொன்னே, அதனால தள்ளினான். இல்லன்னா நின்னுருப்பான் இல்ல?"

"நின்னுருப்பாருங்க" என்றார் பத்மக்கா. "ஆனா சொன்ன உடனே தள்ளினாரு பாருங்க. எங்க ஃபேக்டரியில பதினோரு வருஷமா தப்புக்கு முன்னால நிக்கறவங்களப் பார்த்துக்கிட்டிருக்கறன். கிரேன் வச்சு இழுத்தாலும் தள்ளமாட்டாங்க."

மாமனார் என்னைப் பார்த்தார். பிறகு தன் இடுப்புத் துண்டைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, நான் தினமும் தண்ணி தொடாம இந்தத் துண்டாலதான் துடைக்கறன். அதுவும் தப்புங்களா?" என்றார்.

"தப்புதானுங்க."

"எங்க தப்பு, காட்டு."

அவரைக் கூட்டிப்போய்க் கதவில் சாய்ந்த வெயிலில் வட்டவட்டமாக இருந்த மெல்லிய கீறல்களைக் காட்டினார் பத்மக்கா. இருவரும் அரைமணி நேரம் காரைவிட்டு வரவில்லை. ஆறிப்போன காபியை அங்கேயே நின்று குடித்தார்கள். நான் என்ற ஒருவன் இருப்பதையே மறந்துவிட்டார்கள். என் கல்யாணம் அந்த அரைமணி நேரத்தில்தான் நடந்தது என்பேன். முகூர்த்தம், மேளம் எல்லாம் பிறகு சம்பிரதாயத்துக்கு. அடுத்த வாரம் பத்மக்காவே மெரூனைக் கலந்து, மூன்று முறை ஒத்துப்பார்த்து, அந்த இடத்தை அடைத்துக் கொடுத்தார்.

புதன்கிழமை பேரிகை போயிருந்தேன். காய்ச்சல் என்று படுத்தவர் இரண்டு நாளில் போய்விட்டாராம். அவர் கணவர் வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மாமனார் கதையை வாரத்துக்கு ஒருதரம் சொல்லிச் சிரிப்பாங்க" என்றார். என்னை வைத்து அந்த வீட்டில் இத்தனை வருஷம் சிரித்திருக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. துக்க வீட்டில் இளித்துவிட்டேன். அவர் இருந்திருந்தால் இதற்கும் கன்னடத்தில் ஒன்று கிடைத்திருக்கும்.

பத்மக்காவிடமிருந்து எனக்கென்று மிச்சமிருப்பது "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்ற அந்த ஒரு வாக்கியம்தான். மனைவியிடம் ஒன்றை மழுப்பும்போது, மகனிடம் என் மதிப்பெண்களைக் கூட்டிச் சொல்லும்போது, பத்திரிகைக்கு என் பெருமையை எழுதும்போதெல்லாம் பின்னாலிருந்து அந்தக் குரல் வரும். நகர்ந்துவிடுவேன். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்த இந்தக் கட்டுரையிலும் பாதிக்கு மேல் நானே நிற்கிறேன் என்பது இப்போதுதான் தெரிகிறது.

இதோ, தள்ளி நிற்கிறேன் அக்கா. எல்லாரும் உங்களைப் பார்க்கட்டும்.